கியர் பாக்ஸை இறக்கும் முன் கிளெவிஸ் பின்னைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, என் மாமனார் வைத்திருந்த 1967 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு வண்டி, இப்போது என்னிடம் இருக்கிறது. ஐந்து வருடம் ஷெட்டில் கிடந்ததை எடுத்து, எஞ்சின் வேலை பார்த்து ஓட விட்டிருக்கிறேன். இழுவை நன்றாக இருக்கிறது. ஆனால் கியர் ராடு நியூட்ரலில் அங்குமிங்கும் ஆடுகிறது. மூன்றாவது போடப்போனால் சில நேரம் முதல் கியர் பக்கம் போய் முட்டுகிறது. நின்ற இடத்தில் முதல் கியரும் ரிவர்ஸும் கரகரவென்ற சத்தத்தோடுதான் விழுகின்றன. கிளட்ச் பெடல் பாதி தூரம் சும்மா போகிறது, பக்கவாட்டிலும் ஆடுகிறது. பிரேக் பெடல் மேட்டில், ஆக்ஸிலரேட்டர் பள்ளத்தில். கால் மாற்றும்போது ஷூ தட்டுகிறது. கியர் பாக்ஸை இறக்கி ஓவர்ஹால் செய்தால்தான் சரியாகும் என்கிறார் உள்ளூர் மெக்கானிக். செய்யலாமா?

வாசகர், கும்பகோணம்

பதில்: வேண்டாம், இப்போது இறக்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதில் ஒன்றுகூடப் பாக்ஸுக்குள் இருக்கும் பல்சக்கரங்களைக் குற்றம் சொல்லவில்லை. ஹெரால்டில் உங்கள் கைக்கும் பாக்ஸுக்கும் நடுவே ஒரு நீட்டுக் கை இருக்கிறது. உங்கள் காலுக்கும் கிளட்ச் பிளேட்டுக்கும் நடுவே ஐந்தாறு மூட்டுகள் இருக்கின்றன. ஏறக்குறைய அறுபது வருடத் தேய்மானம் அங்கேதான் சேர்ந்திருக்கும். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு நூல் அளவு ஆட்டம் என்றாலும், எல்லாம் கூடிக் கைக்கும் காலுக்கும் வரும்போது பெரிதாகத் தெரியும். இவற்றில் பெரும்பாலானவை பாக்ஸைத் தொடாமலே சரிசெய்யக்கூடியவை.

முதலில் இரண்டு கோளாறுகளையும் தனித்தனியே பிரித்துக்கொள்ளுங்கள். ராடு ஆடுவது ஒன்று, கியர் கரகரப்பது இன்னொன்று. எஞ்சினை அணைத்துவிட்டு நான்கு கியரையும் ரிவர்ஸையும் போட்டுப் பாருங்கள். எதுவும் விழ மறுத்தால் பற்கள் நேருக்கு நேர் நிற்கின்றன என்று பொருள். வண்டியை ஒரு சாண் தள்ளிவிட்டு மறுபடி போடுங்கள். எல்லாம் விழுகிறதென்றால் பாக்ஸின் உள்ளே பெரிய கேடு இல்லை. அடுத்து எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, கிளட்சை அடிவரை மிதித்து, நிதானமாகப் பத்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். இந்த வண்டியில் முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும் சிங்க்ரோமெஷ் கிடையாது. அவசரப்பட்டுப் போட்டால் நல்ல வண்டியும் கரகரக்கும். பத்து எண்ணிய பிறகும் கரகரத்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை. இரண்டு மூன்று முறை பெடலை அடித்துவிட்டுப் போடும்போது சத்தம் குறைந்தால், கோளாறு பெடலுக்கும் ஸ்லேவ் சிலிண்டருக்கும் இடையில்தான் இருக்கிறது.

பாதி தூரம் சும்மா போகிற பெடல் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு முக்கியமான தகவல். பானெட்டை முன்பக்கமாகச் சாய்த்துத் திறந்து வையுங்கள். ஹெரால்டில் பானெட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக எழுந்துவிடுவதால் வேலை செய்ய இவ்வளவு வசதியான வண்டி அந்தக் காலத்தில் அபூர்வம். வீட்டில் ஒருவரை உட்காரவைத்துக் கிளட்சை மெல்ல மிதிக்கச் சொல்லி, மாஸ்டர் சிலிண்டர் பொருத்தியிருக்கும் இடத்தைக் கவனியுங்கள். அந்தத் தகடு முன்னே வளைந்து திரும்பினால் உங்கள் கால் பலத்தில் ஒரு பங்கு தகரத்தை வளைக்கவே செலவாகிறது. போல்ட்டை இறுக்குங்கள். தகடு வெடித்திருந்தால் பின்பக்கம் பட்டை வைத்து வெல்டு செய்ய வேண்டும்.

தகடு அசையவில்லை என்றால் டேஷ்போர்டுக்குக் கீழே தலையை நுழைத்து, பெடலையும் மாஸ்டர் சிலிண்டரின் புஷ் ராடையும் இணைக்கும் கிளெவிஸ் பின்னைப் பாருங்கள். அதைக் கழற்றினால் நடுவில் இடுப்பு சிறுத்து இருக்கும். பெடலில் உள்ள துளையும் ராடில் உள்ள துளையும் வட்டம் போய் முட்டை வடிவமாகியிருக்கும். பெடலின் நெம்பு விகிதம் ஐந்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், அங்கே 2 மில்லிமீட்டர் தேய்ந்தாலே பாதத்தில் 10 மில்லிமீட்டர் வீணாகிறது. கிளட்ச் விடுவதற்குத் தேவையான கடைசித் தூரம் அதில்தான் போய்விடுகிறது.

இந்த இடத்தில் நம் ஊர்ப் பட்டறைகளில் நடக்கும் ஒரு காரியம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. தேய்ந்த பின்னைத் தூக்கி எறிந்துவிட்டு, கைக்குக் கிடைத்த போல்ட்டும் நட்டும் போட்டு முடித்துவிடுவார்கள். போல்ட்டின் மரை துளைக்குள் உட்கார்ந்தால் ஒவ்வொரு மிதிக்கும் அரம் போல அறுக்கும். சில மாதங்களில் துளை முன்பைவிடப் பெரிதாகிவிடும். பின் என்றால் பின்தான்: உடல் முழுக்க வழவழப்பாக, இரு பக்கமும் வாஷர், முனையில் ஸ்பிளிட் பின். முட்டையான துளையை வெல்டு வைத்து நிரப்பிப் புதிதாகத் துளையிடலாம். அல்லது பெரிதாக ரீமர் ஓட்டி உள்ளே ஒரு புஷ் இறக்கலாம். நல்ல லேத் பட்டறையில் அரை நாள் வேலை. பெடல் பக்கவாட்டில் ஆடுவதற்குக் காரணம் அது தொங்கும் அச்சின் புஷ்தான். பெடலைக் கழற்றும் அதே வேளையில் அதையும் கடைந்து போட்டுவிடுங்கள். பிரேக் பெடலுக்கும் அப்படியே. புஷ் ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே மிகச் சிறிய தளர்வு ஒன்று இருக்கட்டும். அதையும் இல்லாமல் ஆக்கிவிட்டால் பிஸ்டன் முழுதாகத் திரும்பாமல் கிளட்ச் நழுவ ஆரம்பிக்கும்.

வண்டி ஐந்து வருடம் கிடந்திருக்கிறது. ரப்பர் கப்கள் இறுகியிருக்கும், ஆயில் ஈரம் குடித்திருக்கும். மாஸ்டருக்கும் ஸ்லேவுக்கும் ஒரே நேரத்தில் கிட் போடுங்கள். ஒன்றை மட்டும் புதுப்பித்தால் மற்றது சீக்கிரமே ஒழுக ஆரம்பிக்கும். சிலிண்டரின் உள்சுவரில் துருக்குழி இருந்தால் புதுக் கப் நிற்காது. ஸ்லீவ் இறக்க வேண்டும். பழைய ரப்பர் ஹோஸையும் மாற்றிவிட்டு, புதிய பிரேக் ஆயில் ஊற்றி ஏர் எடுங்கள். ஸ்லேவ் சிலிண்டரைத் திரும்பப் பொருத்தும்போது ஏர் எடுக்கும் நிப்பிள் மேலே இருக்க வேண்டும். தலைகீழாகப் பொருத்திவிட்டு நாள் முழுக்க மிதித்தாலும் ஏர் வெளியே வராது.

இனி ராடு. முன் சீட்டுகளையும் கார்ப்பெட்டையும் எடுத்துவிட்டு நடுவில் இருக்கும் டனல் கவரின் ஸ்குரூக்களைக் கழற்றுங்கள். அதன் கீழே கியர் பாக்ஸின் தலையிலிருந்து பின்னோக்கி நீளும் ரிமோட் பகுதி தெரியும். கியர் ராடு நேராகப் பாக்ஸுக்குள் இறங்கவில்லை. அதன் நடுவில் ஒரு நைலான் உருண்டை. அதை ஸ்பிரிங்கும் மூடியும் அழுத்திப் பிடிக்கின்றன. ராடின் அடிமுனை ஒரு புஷ்ஷில் நுழைந்து நீட்டுத் தண்டைப் பிடிக்கிறது. அந்தத் தண்டின் முன்முனையில் ஒரு கப்ளிங், அங்கேயும் புஷ், போல்ட். இந்த மூன்று இடங்களும் தேய்ந்தால், உங்கள் கை மூன்றாவதுக்குத் தள்ளினாலும் முன்னே இருக்கும் விரல் எந்தப் பள்ளத்தில் நிற்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. மூன்றாவது தேடி முதல் கியரில் முட்டுவது இதனால்தான்.

எது தேய்ந்தது என்று கண்டுபிடிக்க ஒரு கையால் தண்டை அசையாமல் பிடித்துக்கொண்டு மறுகையால் ராடை ஆட்டுங்கள். தண்டு நிற்க ராடு ஆடினால் அடிப்புஷ் அல்லது உருண்டை. பிடியை விட்டு ஆட்டும்போது தண்டும் சேர்ந்து ஆடி, பாக்ஸுக்குள் போகும் முனை மட்டும் நின்றால் கப்ளிங். என் அனுபவத்தில் பெரும்பாலும் இரண்டுமே. மூன்று இடங்களையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம். ஒன்றை மட்டும் மாற்றினால் மிச்ச ஆட்டம் முன்பைவிட எரிச்சலூட்டும்.

உதிரிபாகத்துக்கு அலைய வேண்டியிருக்கும் என்பது உண்மை. இந்த வண்டியைச் சென்னையில் தயாரித்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனமே இன்று இல்லை. ஆனால் ஹெரால்டு இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் 1959-ல் வெளியிட்ட வண்டி; அங்கே இன்னும் நிறைய ஓடுவதால் ரிமோட் புஷ் செட் விற்பனைக்குக் கிடைக்கிறது. தபாலில் வரவழைக்கலாம். இல்லையென்றால் சென்னை புதுப்பேட்டையில் தேடலாம். அதுவும் கிடைக்காவிட்டால் பழைய புஷ்ஷை அளவுக்குக் கொடுத்து நைலானில் கடையச் சொல்லுங்கள். பித்தளையிலோ கன்மெட்டலிலோ கடைந்தால் நீண்ட நாள் உழைக்கும் என்று சொல்வார்கள். உழைக்கும்தான், ஆனால் பாக்ஸின் அதிர்வு முழுவதையும் ராடு வழியாக உங்கள் உள்ளங்கைக்குக் கொண்டுவரும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ராடு கிணுகிணுக்க ஆரம்பித்துவிடும். ரப்பர் இருந்த இடத்தில் ரப்பர், நைலான் இருந்த இடத்தில் நைலான் என்றே போடுங்கள்.

டனல் திறந்திருக்கும்போதே கியர் பாக்ஸ் மவுண்டிங் ரப்பரையும் பார்த்துவிடுங்கள். கிளட்சை விடும்போது ராடு ஒரு பக்கம் சாய்ந்து திரும்பினால் ரப்பர் போய்விட்டது. பாக்ஸில் ஆயில் மட்டம் பாருங்கள், கொள்ளளவு 0.85 லிட்டர்தான், கொஞ்சம் கசிந்தாலும் பெரிய இழப்பு. ஊற்ற வேண்டியது ஜி.எல்.4 தரத்து 90 நம்பர் கியர் ஆயில். கடையில் எளிதாகக் கிடைப்பது ஜி.எல்.5, அதில் உள்ள சில சேர்மானங்கள் சிங்க்ரோ வளையங்களின் வெண்கலத்துக்கு ஆகாது. அதே ஆயிலில் கொஞ்சம் முன்சக்கர ட்ரன்னியனுக்கும் கொடுங்கள். அங்கே கிரீஸ் அடிக்கும் வழக்கத்தால் ட்ரன்னியன் உடைந்து சக்கரம் மடங்கிய ஹெரால்டுகள் உண்டு.

பெடல்களின் இடைஞ்சலுக்கு வருகிறேன். அதில் ஒரு பகுதி வண்டியின் பிறவிக் குணம். முன்சக்கரத்தின் வளைவு உள்ளே இடம் பிடிப்பதால் பெடல்கள் கொஞ்சம் நடுப்பக்கம் தள்ளி நிற்கின்றன. இடது காலுக்கு ஓய்வு இடமும் கிடையாது. அதை மாற்ற முடியாது, பழகிக்கொள்ள வேண்டியதுதான். மேடு பள்ளம் அப்படியல்ல. முதலில் தரையில் விரித்திருக்கும் மேட்களை எல்லாம் வெளியே எடுத்துப் போடுங்கள். கார்ப்பெட்டுக்கு மேல் ரப்பர் மேட், அதற்கு மேல் தேங்காய் நார் மேட் என்று அடுக்கினால் ஆக்ஸிலரேட்டரின் கடைசி ஓர் அங்குலம் காணாமல் போகும். ஆக்ஸிலரேட்டர் பள்ளத்தில் இருப்பதற்கு அதன் அச்சுப் புஷ் தேய்ந்து பெடல் தொங்குவதும், கார்புரேட்டர் வரை போகும் இணைப்பில் உள்ள தளர்வும் காரணம். புஷ்ஷை மாற்றி இணைப்பைச் சரிசெய்தால் பெடல் மேலே வரும். ஆனால் பெடல் முழுதாக விட்ட நிலையில் த்ராட்டில் முழுதாக மூடுகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். கிளட்ச், பிரேக் பெடல்களின் ரப்பர் பேடு வழுக்கையாகியிருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்று புதிது ஒன்று பழையது என்றால் அதுவே உயர வித்தியாசம்.

பிரேக் பெடலை மட்டும் யாரும் சூடுகாட்டி வளைக்க விடாதீர்கள். உயிர் தொங்கும் இரும்பு அது. பின்னும் புஷ்ஷும் புதிதாகி, ஆக்ஸிலரேட்டர் மேலே வந்துவிட்டால் பிரேக் பெடலும் ஆக்ஸிலரேட்டரும் தானே கிட்டத்தட்டச் சமமாகிவிடும். அப்போதும் உட்கார வசதியில்லை என்றால் ஸ்டீயரிங் தண்டைப் பாருங்கள். ஹெரால்டின் தண்டை நீட்டவும் குறைக்கவும் வழி வைத்துத்தான் வடிவமைத்திருக்கிறார்கள். ஸ்டீயரிங்கை ஓர் அங்குலம் உள்ளே தள்ளி, சீட்டைப் பின்னே நகர்த்தினாலே முழங்காலும் பாதமும் வேறு கோணத்துக்கு வந்துவிடும். பிறகு அந்தப் பிடிப்பை முறையாக இறுக்க மறக்கக்கூடாது.

ஒரு சோதனையை மட்டும் கட்டாயம் செய்யுங்கள், இன்றைக்கே செய்தாலும் நல்லது. எஞ்சின் அணைந்திருக்க, ஒருவர் கிளட்சை மிதித்து விட, நீங்கள் முன்னால் நின்று கிராங்க் புல்லியைப் பாருங்கள். கிளட்ச் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கிராங்கை முன்னோக்கித் தள்ளுகிறோம். அதைத் தாங்குபவை பின் மெயின் பேரிங்கில் இருக்கும் இரண்டு அரைவட்டத் த்ரஸ்ட் வாஷர்கள். அங்கே 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை ஆட்டம் இருக்கலாம். அது கண்ணுக்குத் தெரியாத அளவு. புல்லி முன்னும் பின்னும் போவது கண்ணுக்குத் தெரிந்தால் வண்டியை நிறுத்திவிடுங்கள். வாஷர் தேய்ந்து கீழே சம்ப்பில் விழுந்துவிட்டால் கிராங்க் பிளாக்கையே அரைக்கும். உங்கள் கிளட்ச் சரியாக விடாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நல்ல வேளையாக எஞ்சினை இறக்காமல், சம்ப்பைக் கழற்றிப் பின் மெயின் மூடியை மட்டும் எடுத்தே வாஷரை மாற்றலாம். இதே காரணத்தால்தான் சிக்னலில் கிளட்சை மிதித்துக்கொண்டே நிற்காதீர்கள், நியூட்ரலுக்கு வாருங்கள் என்கிறேன்.

இத்தனையும் முடித்த பிறகு, ஓடும்போது கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்தாலோ, இரண்டாவதுக்குக் குறைக்கும்போது மட்டும் கரகரத்தாலோ, பாக்ஸிலிருந்து ஊளைச் சத்தம் வந்தாலோ அப்போது இறக்குங்கள். பெடலும் சிலிண்டரும் புதிதாகியும் கிளட்ச் விடவில்லை என்றாலும் இறக்கத்தான் வேண்டும். பிளேட் துருப்பிடித்து ஸ்ப்ளைனில் ஒட்டியிருக்கலாம். ஹெரால்டில் பாக்ஸ் வண்டிக்குள்ளிருந்தே வெளியே வரும், பள்ளம் தோண்ட வேண்டாம். இறக்கிய அன்றே கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், கிராங்க் முனையில் உள்ள சிறிய ஸ்பிகாட் புஷ், பெல் ஹவுசிங்கில் ஃபோர்க் ஆடும் பின் ஆகிய நான்கையும் மாற்றச் சொல்லுங்கள். அந்த ஃபோர்க் பின்னையும் அது உட்காரும் துளையையும் மெக்கானிக்கிடம் கேட்டு நீங்களே கையில் வாங்கிப் பாருங்கள். பார்க்காமல் விட்டுவிடுகிற இடம் அதுதான்.