சித்திரை அமாவாசைக்கு மலையேறும் பிள்ளைகளுக்கு

அன்புள்ள கயல்விழிக்கும் மாப்பிள்ளைக்கும்,

சித்திரையில் நான்கு நாள் ஜவ்வாது மலையில் காட்டேஜ் எடுத்துத் தங்கப்போகிறோம், அங்கே என்னென்ன பார்க்கலாம் என்று கேட்டு எழுதியிருந்தாய். அந்தப் பட்டியல் நீளமில்லை அம்மா. பீமன் அருவி, ஜமுனாமரத்தூரை ஒட்டிய கோமுட்டேரிப் படகுத்துறை, மலைமக்கள் வாலியர் வீடு என்று சொல்லும் பெருங்கற்காலக் கல்திட்டைகள், காவலூர் வானாய்வகம். சித்திரையில் அருவியில் பெரிதாகத் தண்ணீரும் இருக்காது. அவசரமில்லாமல் சுற்றினாலும் ஒன்றரை நாளில் எல்லாம் முடிந்துவிடும். மீதி இரண்டரை நாள் வெறுமனே கிடக்குமே என்ற கவலை உன் கடிதத்தில் தெரிந்தது. நீங்கள் மலையேறுவதே அந்த இரண்டரை நாளுக்காகத்தான் என்பது என் எண்ணம். அதற்குத் தயாராகாமல் போனால், சென்னையில் இருந்தபடியே சென்னையை விட்டுப் போனதாக ஆகிவிடும். அறை வாடகைக்குக் கிடைக்கும், அமைதி அப்படிக் கிடைக்காது. ஒரு மலை அமைதியாக இருக்கிறதென்றால் அதற்குக் காரணங்கள் உண்டு, அதைக் கெடுக்காமல் வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்களோடு சேர்ந்து நீங்களும் அதைக் காத்தால்தான் உங்களுக்கும் அதில் பங்கு. இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

முதலில் இருட்டை எடுத்துக்கொள். கோடைக்கானலில் சூரியனை ஆராயும் பழைய ஆய்வகத்துக்குத் தலைமை வகித்த வைணு பாப்பு, இரவு வானத்தைப் பார்க்க வேறு இடம் தேடி, 1960-களில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர்தான் உயரம். நீலகிரியோடு ஒப்பிட்டால் இது ஒரு உயரமே இல்லை. ஆனால் பெரிய நகர வெளிச்சம் எதுவும் பக்கத்தில் இல்லை. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் வடவானத்தோடு தென்வானத்திலும் பெரும்பகுதி தெரியும். 1972-இல் அங்கே 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்துக்கொண்டு கடந்தது. மறைப்பதற்கு முன்பும், மறைத்து விலகிய பின்பும், அந்த விண்மீனின் ஒளி சில கணங்கள் குறைந்து குறைந்து மீண்டது. யுரேனசுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்தது அந்த நிகழ்ச்சியால்தான், அதைப் பதிவுசெய்த கருவிகளில் காவலூர்த் தொலைநோக்கியும் ஒன்று. கணநேரம் ஒளி மங்கியதைக் கண்டுகொள்ளச் சுற்றிலும் எவ்வளவு இருட்டு வேண்டும் என்று யோசித்துப் பார். பிறகு இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் இயங்கத் தொடங்கியபோது, நான்கு ஆண்டுகளுக்கு முன் மறைந்துவிட்ட வைணு பாப்புவின் பெயரே அதற்கும் ஆய்வகத்துக்கும் சூட்டப்பட்டது. நீங்கள் தங்கப்போகும் மலையில் இருட்டு ஒரு குறை இல்லை, அது அந்த மலையின் செல்வம் என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

இதற்கு மாப்பிள்ளை என்ன சொல்வார் என்று எனக்குத் தெரிகிறது. மலைமக்களுக்குத் தெருவிளக்கு வேண்டாமா, சாலை வேண்டாமா, செல்போன் டவர் வேண்டாமா, நகரத்தில் எல்லா வசதியோடும் இருந்துகொண்டு அவர்கள் இருட்டைப் புகழ்வது என்ன நியாயம் என்பார். நியாயமான கேள்விதான், அதை ஒதுக்கிவிட்டு மேலே போக முடியாது. பிரசவ வலி எடுத்த பெண்ணை இரவில் மலையிலிருந்து இறக்க வேண்டியிருக்கும் ஊரில் சாலையும் விளக்கும் உயிர் காப்பவை. படிக்கும் பிள்ளைக்கு விளக்கு வேண்டும். வாசலில் பாம்பு கிடக்கிறதா என்று பார்க்கவும் விளக்கு வேண்டும். அந்த விளக்குகளை யாரும் குறை சொல்லவில்லை. வானத்தைக் கெடுப்பது மேல்நோக்கிச் சிதறும் வெளிச்சம். மூடிபோட்டுத் தரையைப் பார்த்து எரியும் தெருவிளக்கால் பெரிய கேடு இல்லை. தோட்டத்து மரங்களுக்கு அடியிலிருந்து மேலே அடிக்கும் அலங்கார ஃபோகஸ் விளக்கும், விடிய விடிய எரியும் சீரியல் செட்டும் எந்த மலைவாசியின் தேவைக்கும் வந்தவை அல்ல. விருந்தினர் விரும்புவார்கள் என்று நம்பித்தான் காட்டேஜ்காரர்கள் அவற்றைப் போடுகிறார்கள். ஆகவே அதை நிறுத்தச் சொல்லும் இடத்தில் இருப்பவர்களும் விருந்தினர்தான். சாப்பிட்டு முடித்ததும், வெளிவிளக்குகளை அணைத்துவிடுங்கள் அண்ணே என்று நீங்கள் கேட்டால் அவர் சந்தோஷமாக அணைப்பார், கரண்ட் பில்லும் குறையும். லடாக்கில் ஹான்லேயைச் சுற்றிய பகுதியை 2022-இல் இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள். அங்கேயும் ஊர்க்காரர்கள் விளக்கில்லாமல் இல்லை. விளக்கைப் போடும் முறையைத்தான் மாற்றினார்கள்.

இருட்டில் பார்க்க என்ன இருக்கிறது என்று நீ கேட்டால் அதற்கும் பதில் உண்டு. உங்கள் கல்யாணத்தில் பட்டப்பகலில், மண்டபத்து வாசலில் நிறுத்தி, அதோ அருந்ததி என்று காட்டினார்கள். நீங்களும் தெரிகிறது என்று தலையாட்டினீர்கள். எல்லா வீட்டிலும் அப்படித்தான். சித்திரை இரவு ஒன்பது மணிக்குமேல் மலையில் வடக்குப் பார்த்து நில்லுங்கள். சப்தரிஷி மண்டலம் நன்றாக மேலே ஏறியிருக்கும். அதன் வால்போல் வளைந்த மூன்று விண்மீன்களில் நடுவில் இருப்பது வசிட்டர். அதை ஒட்டினாற்போல் மங்கலாக ஒன்று தெரியும், அதுதான் அருந்ததி. உடனே தெரியாது. செல்போன் திரையைப் பார்த்த கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும், இடையில் ஒருமுறை போனை எடுத்துப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்படியே தெற்கே திரும்பினால், தொடுவானத்துக்குச் சற்று மேலே திரிசங்கு என்னும் விண்மீன்கூட்டம் நிற்கும். அமாவாசையை ஒட்டிப் போங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

அடுத்தது சத்தமும் நெருப்பும். பணம் கட்டித் தங்குகிறோம், ஒரு ராத்திரி பாட்டுப் போட்டு கேம்ப் ஃபயர் வைத்தால் என்ன என்று நினைக்கலாம். வாடகை நான்கு சுவருக்குள் செல்லும், பாட்டு நான்கு சுவரோடு நிற்காது. மலைப்பள்ளத்தில் சத்தம் எவ்வளவு தூரம் போகும் என்பது சமவெளிக்காரர்களுக்குத் தெரிவதில்லை. விடியலில் எழுந்து வேலைக்குப் போகும் ஊர் அது. நெருப்போ இன்னும் பெரிய விஷயம். ஜவ்வாது மலையில் பெரும்பகுதி கோடையில் இலையுதிர்க்கும் காடு. மாசியிலிருந்து சித்திரை வரை தரையெங்கும் சருகு கிடக்கும், காற்றும் வீசும். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. காட்டேஜ் முற்றத்தில்தானே, தண்ணீர் பக்கத்தில் இருக்கிறதே என்று யாராவது சமாதானம் சொன்னாலும் சித்திரையில் வேண்டாம். வனத்துறை அனுமதி இல்லாத பாதையில் காட்டுக்குள் நடக்கவும் வேண்டாம். தண்ணீரும் அந்த மாதம் அருமை. மலையில் பெய்யும் மழை செய்யாறாகவும் கமண்டல நாகநதியாகவும் கீழே ஓடிவிடும், கோடையில் மேலே இருப்பவர்களுக்குக் கிணறும் குழாயடியும்தான். இரண்டு வேளையும் ஷவரைத் திறந்துவிட்டு நின்றால், அந்தத் தண்ணீர் வேறு யாருடைய குடத்திலிருந்தோ குறைகிறது. எல்லாம் ஒரு குடும்பத்தால் கெட்டுவிடாது என்ற வாதத்தைத்தான் எல்லாக் குடும்பமும் சொல்கிறது. ஊட்டிக்கும் கோடைக்கானலுக்கும் போக 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவால் இ-பாஸ் கட்டாயமானது அப்படித்தான். ஜவ்வாது மலைக்கு அந்த நிலை இன்னும் வரவில்லை, வராமலே இருக்கட்டும்.

இங்கே ஒரு கசப்பையும் சொல்லியாக வேண்டும். மலையின் அமைதி என்று நாம் ரசிப்பதில் ஒரு பங்கு, வேலை தேடிக் கீழே போய்விட்டவர்களின் வெறுமை. அங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடி மக்கள். மானாவாரியில் சாமையும் கேழ்வரகும் கொள்ளும் விதைக்கிறார்கள். ஒரு காலத்தில் சந்தனத்துக்குப் பெயர்பெற்ற மலை அது. அந்தச் செல்வத்தால் அவர்கள் வீடு நிறையவில்லை, மரங்களும் பெரும்பாலும் போய்விட்டன. கூலிக்காக வெளிமாநிலம் போவது வழக்கமானது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று காவல்துறை சுட்டதில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் இறந்தார்கள். ஜவ்வாது மலைக்காரர்களும் அவர்களில் இருந்தார்கள். இதைப் படித்துவிட்டு உல்லாசமாகப் போக மனம் வராதே என்று நீ நினைப்பாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீங்கள் போகாமல் இருப்பதால் அங்கே யாருக்கும் ஒரு வேளைக் கூலிகூடக் கிடைக்காது. போவதும், கொண்டுபோகும் பணம் எந்தக் கைக்குச் சேர்கிறது என்று கவனிப்பதும்தான் சரி. காட்டேஜ் சொந்தக்காரர் பெரும்பாலும் கீழே இருப்பார், வாடகை அங்கே போய்விடும். மேலே தங்குவது சமையலுக்கும் வண்டிக்கும் வழிகாட்டவும் வாங்கிச் சாப்பிடவும் நீங்கள் கொடுப்பது மட்டுமே. ஆகையால் போளூரிலோ திருப்பத்தூரிலோ அரிசியும் கோழியும் நூடுல்சும் மூட்டை கட்டிக்கொண்டு ஏறாதே. அங்கேயே ஒரு அம்மாவிடம் சாமைச் சோறும் களியும் கீரைக் கடைசலும் சமைத்துத் தரச் சொல், முதல் நாளே சொல்லிவிடு. பேரம் பேசாதே.

சாமையைப் பற்றி ஒன்று. அந்தத் தானியம் கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். உமியை நீக்கி, கல்லைப் பொறுக்கி, அரிசியாக்குவதுதான் பாடு. உமியோடு மூட்டையாகக் கீழே போகும் சாமைக்கு ஒரு விலை, அரிசியாகிப் பையில் ஏறிய பிறகு நகரத்தில் வேறு விலை. நடுவில் இருக்கும் லாபம் மலைக்கு வருவதில்லை. புளியும் அப்படித்தான். சித்திரையில் திண்ணைதோறும் பெண்கள் உட்கார்ந்து புளியம்பழத்தின் ஓட்டைத் தட்டி, நாரை உரித்து, கொட்டையைப் பிதுக்கி எடுத்துக்கொண்டிருப்பார்கள். அங்கேயே அரைத்த சாமை அரிசியும் கொட்டை எடுத்த புளியும் தேனும் வாங்கி வா, உன் அத்தை வீட்டுக்கும் சேர்த்து. அவர்கள் வேலை செய்யும்போது போட்டோ எடுக்க ஆசைப்பட்டால் முதலில் கேள், தயங்கினால் விட்டுவிடு. எங்கிருந்து வந்தோம், யார் வீட்டுப் பிள்ளை என்று அவர்கள் கேட்டால் எரிச்சல் வேண்டாம், விருந்தாளியைக் கேட்கும் கேள்விகள்தான் அவை.

மலைக்குப் போகிறவருக்குப் புத்தி சொல்வது இந்தச் சீமையில் இன்று தொடங்கியது இல்லை. செங்கத்து அரசன் நன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்வதுதான் மலைபடுகடாம். பத்துப்பாட்டில் உள்ள அந்தப் பாட்டின் நவிரமலையைப் போளூர்ப் பக்கத்துப் பர்வதமலை என்பார்கள், சேயாறு நம் செய்யாறுதான். அதைப் பாடிய பெருங்கௌசிகனார் கிடைக்கப்போகும் விருந்தை ஆசை காட்டுவதோடு நிறுத்தவில்லை. பன்றிக்கு வைத்த பொறி எங்கே, தினைக்காவலர் வீசும் கவண்கல் எங்கிருந்து வரும், இரவில் எங்கே தங்க வேண்டும் என்றெல்லாம் சொல்கிறார். அந்த ஊராரின் உழைப்பு நடந்துகொண்டிருக்கும் இடத்தின் வழியாகத்தான் விருந்தாளி போகிறான் என்ற நினைப்பு அந்தப் பாட்டு முழுக்க இருக்கிறது.

கடைசியாக உன் சலிப்புப் பயத்துக்கு வருகிறேன். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் நாளுக்கு ஐந்து இடம் பார்ப்பதில் ஒரு வசதி இருக்கிறது, பேச்சு தானாக வந்துவிடும். ஒன்றும் இல்லாத மதியப்பொழுதில்தான் இவர் எப்படிச் சும்மா இருக்கிறார், நான் எப்படிச் சும்மா இருக்கிறேன் என்பது தெரியும். முதல் நாள் சலிக்கத்தான் செய்யும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, கீழே போய்விடலாமா என்றுகூடத் தோன்றும். போகாதீர்கள். இரண்டாம் நாள் மதியம் தூங்கி எழுந்தால் நகரத்து வேகம் குறைந்திருக்கும். மாப்பிள்ளை லேப்டாப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வரட்டும், சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்காது என்பதை ஆபீசில் இப்போதே சொல்லிவிடட்டும்.

வியாழக்கிழமை போளூர் வழியாக, வெளிச்சம் இருக்கும்போதே ஏறிவிடுங்கள். வளைவுகளில் ஹாரன் அடித்து மெதுவாகப் போங்கள். கோடை விழா நடக்கும் நாட்களாக இருந்தால் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள், அந்தக் கூட்டமும் அழகுதான், ஆனால் நீங்கள் தேடுவது அங்கே கிடைக்காது. சனிக்கிழமை காவலூர் ஆய்வகத்தில் பொதுமக்களை அனுமதிக்கும் வழக்கம் உண்டு, போகும் வாரம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், மேகம் இருந்தால் ஒன்றும் தெரியாது. அன்றிரவே கீழே இறங்காமல் மலையிலேயே தங்கி, ஞாயிறு காலை ஆலங்காயம் வழியாக இறங்குங்கள். டார்ச், கொசுவலை, தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள். பிளாஸ்டிக் குப்பை எது சேர்ந்தாலும் ஒரு பையில் கட்டிக் காரிலேயே கொண்டுவந்துவிடு, மேலே அதை அள்ள ஆளும் இல்லை, கொட்ட இடமும் இல்லை. தேதி முடிவானதும் எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியப்பா