மூளையும் கடிகாரமும்

'எண்சாண் உடம்புக்குத் தலையே பிரதானம்' என்பது நம்மவர் நாவில் வழங்கிவரும் பழமொழி. தலைக்கு அந்தத் தலைமையைத் தந்தது அதனுள் இருக்கும் மூளையே ஆகும். வளர்ந்த மனிதன் ஒருவனுடைய மூளை ஏறத்தாழ 1,400 கிராம் எடையுள்ளது. அஃதாவது, உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கு. எனினும், உடல் முழுவதும் செலவிடும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை அது ஒன்றே செலவிட்டுவிடுகிறது. இவ்வளவு செலவு செய்யும் உறுப்பு தனக்கென்று சேமிப்பு எதுவும் பெரிதாக வைத்துக்கொள்வதில்லை. அன்றன்று கூலி வாங்கி அன்றன்று உலை வைக்கும் குடும்பத்தைப் போன்றது அது. இரத்த ஓட்டம் முற்றிலும் நின்றால் சில விநாடிகளில் நினைவு தப்பும். சில நிமிடங்களில் உயிரணுக்கள் மடியத் தொடங்கும்.

இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால், பக்கவாத மருத்துவத்தில் கடந்த முப்பது ஆண்டுகளாக நடந்துவரும் ஆராய்ச்சிகள் எளிதில் விளங்கும். நான் மருத்துவ மாணவன் அல்லன், உயிர்வேதியியல் பயில்பவன். ஆயினும், இவ்வாராய்ச்சிகளின் பயன் நோயாளியைச் சென்று சேர்வது முதலில் அவர் அருகில் நிற்பவரைப் பொறுத்திருக்கிறது. ஆதலின் நம் இதழின் வாசகர்களுக்கு இதனை எடுத்துச் சொல்ல விரும்பினேன்.

வாதம் எங்கே இருக்கிறது?

'கை விழுந்துவிட்டது', 'வாயு பிடித்துவிட்டது' என்று ஊரில் சொல்வர். கோளாறு கையில் இல்லை, காலிலும் இல்லை. மூளையின் இடப் பாதி உடலின் வலப் பக்கத்தையும், வலப் பாதி இடப் பக்கத்தையும் இயக்குகின்றன. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் ஒன்று பழுதுபட்டால், அதற்கு எதிர்ப் பக்கத்துக் கையும் காலும் செயலிழக்கின்றன. பெரும்பாலோர்க்குப் பேச்சின் இருப்பிடம் இடப் பாதியே ஆதலால், வலக்கை விழும்போது பேச்சும் உடன் போவதுண்டு.

குழாய் பழுதுபடுவது இருவகை. இரத்தம் உறைந்து கட்டியாகிக் குழாயை அடைத்துக்கொள்வது ஒரு வகை. குழாய் வெடித்து இரத்தம் மூளைக்குள் கசிவது மற்றொரு வகை. முன்னதே மிகுதி. வெளியே நின்று பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு நஞ்சாகலாம். எனவே சி.டி. படம் எடுத்துப் பார்க்காமல் எந்த மருத்துவரும் இரண்டையும் உறுதியாகப் பிரித்தறிய இயலாது.

புறநிழல்

சந்திர கிரகணத்தைப் பற்றிப் பள்ளியில் படித்திருக்கிறோம். பூமியின் நிழலில் நடுவே கருநிழலும், அதனைச் சூழ்ந்து மங்கலான புறநிழலும் உண்டு. அடைப்பு நேர்ந்த மூளையிலும் இத்தகைய இரு பகுதிகள் இருக்கின்றன என்பது 1970-களில் வெளிப்பட்டது.

அஸ்ட்ரப், சைமன் முதலிய அறிஞர்கள் பாபூன் குரங்குகளில் ஆய்வு செய்தனர். நலமுள்ள மூளையில் 100 கிராமுக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 50 மில்லிலிட்டர் இரத்தம் பாய்கிறது. இது 20-க்கும் கீழே இறங்கும்போது நரம்பணுக்களின் மின் இயக்கம் அடங்கிவிடுகிறது. ஆனால் அணுக்கள் இறப்பதில்லை. 10 அளவிற்கும் கீழே சென்றால்தான் அணுவின் சுவர் தன் காவலை இழந்து, உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டுகிறது. இவ்விரண்டு எல்லைகளுக்கும் இடையே பேச்சு மூச்சின்றி, ஆனால் உயிருடன் கிடக்கும் பகுதியையே 1981-ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில் அவர்கள் 'புறநிழல்' என்னும் பெயரால் குறித்தனர்.

பக்கவாத மருத்துவம் அனைத்தும் இந்தப் புறநிழலுக்காக நடக்கும் போராட்டமே. நடுவில் மடிந்த பகுதியை மீட்க வழியில்லை. சுற்றிலும் காத்துக் கிடக்கும் பகுதியை மீட்கலாம். ஆனால் அது காலவரையின்றிக் காத்திராது. பெரிய குழாய் ஒன்று அடைபட்டு மருத்துவம் செய்யப்படாத நோயாளிக்கு, சராசரியாக நிமிடத்திற்கு 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006-ஆம் ஆண்டில் ஜெஃப்ரி சேவர் என்னும் அமெரிக்க மருத்துவர் கணக்கிட்டார்.

கட்டியைக் கரைத்தல்

உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் பொருளை நம் உடலே சிறிதளவு உண்டாக்குகிறது. அதனை மரபணுப் பொறியியல் முறையில் ஆய்வுக்கூடத்திலே உண்டாக்கியதே ஆல்ட்டிப்ளேஸ் என்னும் மருந்து. இரத்தத்தில் உறங்கிக் கிடக்கும் ஒரு புரதத்தை இது எழுப்பிவிட, எழுந்த புரதம் கட்டியின் நார்களை வெட்டுகிறது.

1995-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 624 நோயாளிகளிடம் இதனைச் சோதித்தனர். நோய் கண்ட 3 மணி நேரத்திற்குள் மருந்து பெற்றவர்கள், மூன்று மாதம் கழித்து ஊனம் சிறிதுமின்றியோ மிகச் சிறிதளவுடனோ இருக்கும் வாய்ப்பு, பெறாதவர்களைவிட 30 விழுக்காடேனும் கூடுதலாக இருந்தது. ஆனால் மூளைக்குள் இரத்தம் கசிந்து நிலைமை மோசமாவது 0.6 விழுக்காட்டிலிருந்து 6.4 விழுக்காடாக உயர்ந்தது. இருமுனையும் கூரான கத்தி இம்மருந்து. நேரம் செல்லச் செல்ல நன்மை குறைகிறது, கேடு குறைவதில்லை. 2008-இல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று எல்லையை 4½ மணி வரை நீட்டியது. அதற்குமேல் எல்லோருக்கும் பொதுவாக இதனைக் கொடுப்பதற்கில்லை.

இப்போது டெனெக்டிப்ளேஸ் என்னும் உடன்பிறப்பு மருந்து வந்துள்ளது. ஆல்ட்டிப்ளேஸை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றவேண்டும். இதனை ஒரே ஊசியாகப் போட்டுவிடலாம். கனடாவில் ஏறத்தாழ 1,600 நோயாளிகளிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வு, இது முன்னதற்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று என்று காட்டிற்று.

கட்டியை இழுத்தெடுத்தல்

பெரிய குழாயில் பெரிய கட்டி அடைத்துக்கொண்டால் மருந்தால் மட்டும் கரைவது அரிது. தொடைக் குழாயின் வழியாக மெல்லிய நுண்குழலை மூளை வரை செலுத்தி, அதன் நுனியில் விரியும் கம்பி வலையால் கட்டியைப் பற்றி வெளியே இழுத்துவிட்டால் என்ன? கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டியால் எடுப்பது போன்ற இந்த முயற்சி, தொடக்கத்தில் நல்ல பயன் தரவில்லை. கருவிகள் திருந்தியபின், 2015-ஆம் ஆண்டில் ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து ஆய்வுகள் வெற்றியைப் பறைசாற்றின. அவற்றுள் முதலாவதான நெதர்லாந்து ஆய்வில், பிறர் உதவியின்றி வாழும் நிலைக்குத் திரும்பியவர் 19.1 விழுக்காட்டிலிருந்து 32.6 விழுக்காடாக உயர்ந்தனர். ஐந்தையும் சேர்த்து 1,287 பேரின் கணக்கைப் பார்த்தபோது, இரண்டு மூன்று பேருக்கு இம்முறையைக் கையாண்டால் ஒருவருக்கேனும் ஊனம் ஒரு படி குறைகிறது என்று தெரிந்தது. மருத்துவத்தில் இவ்வளவு பெரிய பயன் தரும் முறைகள் மிகச் சிலவே.

உறங்கி எழுந்தவர்கள்

இரவில் நலமாகப் படுத்து, காலையில் கை விழுந்த நிலையில் எழுபவர்கள் உளர். இவர்களுக்கு நோய் எப்போது தொடங்கிற்று? யாருக்கும் தெரியாது. நலமாக இருந்ததைக் கடைசியாகப் பார்த்த நேரத்திலிருந்தே மருத்துவர் கணக்கிடவேண்டும்; ஆகவே இவர்கள் விழிக்கும் முன்பே எல்லை கடந்துவிடுகிறது. முன்பெல்லாம் இவர்களுக்குச் செய்வதற்கு ஏதுமில்லை.

2018-ஆம் ஆண்டில் இந்நிலை மாறிற்று. கடிகாரத்தை மட்டும் பார்க்காமல் மூளையையே படமெடுத்து, புறநிழல் இன்னும் மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்தனர். எல்லோருடைய மூளையும் ஒரே வேகத்தில் அழிவதில்லை. அண்டைக் குழாய்கள் சிலருக்குக் கைகொடுத்து, நெடுநேரம் தாங்குகின்றன. அத்தகையோரைத் தேர்ந்தெடுத்து, 6 மணி முதல் 24 மணி வரை கடந்தபின் கட்டியை எடுத்த ஓர் ஆய்வில், 49 விழுக்காட்டினர் பிறர் உதவியின்றி வாழும் நிலை பெற்றனர்; எடுக்காதவருள் 13 விழுக்காட்டினரே அந்நிலை பெற்றனர். உறக்கத்தில் நோய் கண்டவர்க்கு எம்.ஆர்.ஐ. படம் பார்த்துக் கரைப்பு மருந்து கொடுத்த ஐரோப்பிய ஆய்வும் அதே ஆண்டில் நற்பயன் காட்டிற்று.

இச்செய்தியைப் படித்தபோது என் பெரியப்பாவை நினைத்துக்கொண்டேன். திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிற்றூரில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர் அவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு காலையில் எழுந்தபோது வலக்கையைத் தூக்க வரவில்லை, பேச்சு குழறிற்று. பனிக்காற்றுப் பட்டிருக்கும், தைலம் தேய்த்தால் சரியாகும் என்று வீட்டில் எண்ணினர். காப்பி கொடுத்தனர், புரையேறிற்று. மாலையில்தான் வண்டி பிடித்து நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டுசென்றனர். இரவில் கடைசியாக எப்போது நன்றாகப் பேசினார் என்று மருத்துவர் கேட்டதற்கு எவராலும் விடை சொல்ல இயலவில்லை. படத்தில் மீட்கத்தக்க பகுதி மிஞ்சியிருக்கவில்லை. இன்று தில்லியிலிருந்து நான் தொலைபேசியில் அழைத்தால், பெரியம்மா கருவியை அவர் காதில் வைக்கிறார். நான் சொல்வது அவருக்குப் புரிகிறது; மறுமொழியாக வருவது 'ஆமா' என்னும் ஒரே சொல். காலையிலேயே புறப்பட்டிருந்தால் குணமாகியிருப்பார் என்று சொல்லமாட்டேன், அதற்குச் சான்றில்லை. ஒரு வாய்ப்பு இருந்திருக்கக்கூடும் என்று மட்டும் சொல்வேன்.

தோல்வி தந்த பாடம்

குழாயைத் திறக்காமலே நரம்பணுவைக் காக்கும் மருந்து உண்டா என்று தேடியவர்கள் பலர். 2006 வரை இவ்வாறு முயன்ற முறைகள் 1,026 என்று ஓர் ஆய்வுக் கட்டுரை எண்ணிக் காட்டிற்று. எலிகளை எழுந்தோடச் செய்த மருந்துகள் மனிதரிடம் வந்ததும் தோற்றன. ஆய்வுக்கூடத்தில் எலிக்கு உடனே மருந்து கிடைக்கிறது. மனிதனுக்கோ பல மணி நேரம் கழித்தே கிடைக்கிறது. இவ்வேறுபாடும் தோல்விக்கு ஒரு காரணமே.

அடிபட்ட மூளையின் வரலாறும் இத்தகையதே. தலையில் காயம்பட்டவர்க்கு வீக்கம் குறைய ஸ்டீராய்டு கொடுப்பது பல ஆண்டுகளாக வழக்கில் இருந்தது. 10,008 பேரிடம் நடத்தி 2004-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வாரத்திற்குள் இறந்தவர் மருந்து பெற்றவருள் 21.1 விழுக்காடு, பெறாதவருள் 17.9 விழுக்காடு. நல்லெண்ணத்தோடு கொடுத்த மருந்தே உயிரைக் குடித்திருக்கிறது! பகுத்தறிவுக்குப் பொருத்தமாகத் தோன்றுவது வேறு, சோதித்து மெய்யென்று கண்டது வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மீண்டும் கற்கும் மூளை

இரத்தக் கசிவு வகையிலும் நம்பிக்கை பிறந்துள்ளது. இந்தியா, இலங்கை உட்படப் பத்து நாடுகளில் 7,036 நோயாளிகளிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், இரத்த அழுத்தத்தை ஒரு மணி நேரத்திற்குள் தணித்து, சர்க்கரையையும் காய்ச்சலையும் உடனுக்குடன் கட்டுப்படுத்தியதாலேயே ஊனம் குறைந்தது. புதுக் கருவி ஏதும் வேண்டாத மருத்துவம் இது.

முதல் நாட்கள் கழிந்தபின், மடிந்த பகுதியின் வேலையை அண்டைப் பகுதிகள் சிறிது சிறிதாகக் கற்றுக்கொள்கின்றன. அதற்குப் பயிற்சி வேண்டும். அதற்கும் காலமும் அளவும் உண்டு. 24 மணி நேரத்திற்குள்ளேயே நோயாளியை அடிக்கடி எழுப்பி நடக்கவைப்பது நன்மையைக் குறைக்கிறது என்று 2015-இல் பெரியதோர் ஆய்வு கண்டது. மறுபுறம், நோய் கண்டு மாதங்களும் ஆண்டுகளும் கடந்தவர்க்குக்கூட, கழுத்திலுள்ள ஒரு நரம்பைப் பயிற்சியின்போது மின்சாரத்தால் தூண்டினால் கை மேலும் தேறுகிறது என்று 2021-இல் தெரியவந்தது.

நமக்கு மகிழ்வூட்டும் செய்தி ஒன்றும் உண்டு. ஐதராபாத்தில் பக்கவாதம் கண்ட 608 பேரை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டனர். நோய்க்குப்பின் சிந்தனைத் திறன் குன்றாதிருந்தவர், ஒரு மொழி மட்டும் அறிந்தவருள் 19.6 விழுக்காடு, இரண்டோ பலவோ அறிந்தவருள் 40.5 விழுக்காடு! பேச்சிழப்பைப் பன்மொழிப் பயிற்சி தடுக்கவில்லை என்பதையும் உடன் சொல்லவேண்டும். வீட்டில் தமிழும் வீதியில் இந்தியுமாக நாம் படும் பாடு வீண்போகவில்லை போலும்!

நாம் செய்ய வேண்டுவன

ஜெர்மனியில் 2008 முதல், சி.டி. கருவியை ஊர்தியிலேயே ஏற்றி நோயாளியின் வாசலுக்குக் கொண்டுசெல்லும் முறை சோதிக்கப்பட்டது. நம் நாட்டில் அசாமில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அத்தகைய ஊர்திகளை இயக்கிப் பார்த்து, 2025-இல் அம்மாநில அரசிடம் ஒப்படைத்தது. இவை எல்லா ஊர்களுக்கும் வரும் வரையில் நோயாளியை நாம்தான் கொண்டுசெல்லவேண்டும்.

நண்பர்களே, பெற்றோரை ஊரில் விட்டு வந்தவர்கள் நம்மில் பலர். அடுத்த முறை வீட்டாரோடு பேசும்போது கீழ்க்கண்டவற்றைச் சொல்லிவையுங்கள்.

1. ஐயம் எழுந்தால் சிரிக்கச் சொல்லுங்கள். வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரு கைகளையும் நீட்டச் சொல்லுங்கள். ஒன்று கீழே இறங்குகிறதா? ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள், குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். திடீரென்று பார்வை மறைவதும் நடை தள்ளாடுவதும் இந்நோயின் குறிகளாகலாம்.

2. கடைசியாக நலமாக இருந்த நேரத்தைக் குறித்துவைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

3. தண்ணீர், காப்பி, மாத்திரை எதுவும் வாயில் கொடுக்காதீர்கள்; புரையேறும். ஆஸ்பிரினும் கூடாது, அடைப்போ கசிவோ, படம் பார்க்கும்முன் தெரியாது.

4. பத்து நிமிடத்தில் தானே சரியாகிவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அது பெரிய தாக்குதலின் முன்னறிவிப்பாக இருக்கலாம்.

5. இரவு பகல் எந்நேரமும் சி.டி. படமெடுத்து இந்நோய்க்கு மருத்துவம் செய்யும் மருத்துவமனை அருகில் எங்குள்ளது என்று இன்றே விசாரித்து, அதன் எண்ணைச் சுவரில் எழுதிவையுங்கள்.

6. இரத்த அழுத்தத்தை அளந்து பாருங்கள். இந்நோய்க்குத் தலையாய காரணம் அதுவே. உப்பைக் குறைப்பதும் புகையிலையை விடுவதும் மருத்துவர் தந்த மாத்திரையை இடையில் நிறுத்தாமலிருப்பதும், மேலே சொன்ன கருவிகள் அனைத்தினும் மலிவானவை.

அறிஞர்கள் முப்பது ஆண்டுகள் உழைத்துச் சில மணி நேரத்தை நமக்கு ஈட்டித் தந்திருக்கின்றனர். அந்நேரத்தைத் தைலம் தேய்த்தும் விடியட்டும் என்று காத்திருந்தும் செலவழித்துவிடாமல் காப்பது நம் கடமையாகும்.