மௌத்தான வீட்டின் அடுப்பு



சென்ற ஆண்டு கோடையில் நம் மச்சான் மௌத்தான செய்தி கேட்டு, கடையைப் பூட்டிவிட்டு நாகூர் சென்றோம். சித்திரை வெயிலில் வீடு அனலாய்க் கொதித்தது. துக்கம் விசாரிக்க வந்தோர் திண்ணையில் விசிறியும் கையுமாய் அமர்ந்திருந்தனர். இத்தா இருக்கும் நம் லாத்தாவோ, வந்தவர்களுக்காக அடுப்படியில் வெந்துகொண்டிருந்தார். அழுவதற்கும் அவருக்கு நேரமில்லை. அவர் ஆக்கிய சோற்றை உண்டவர்களில் நாமும் ஒருவர்.

ஹிஜ்ரி 8-ல் (கி.பி. 629) மூத்தா போரில் ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதானபோது, அக்குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். துக்க வீட்டுக்குப் பிறர் சமைக்க வேண்டுமேயன்றி, துக்க வீடு பிறருக்குச் சமைப்பது முறையன்று.

மற்ற உறவினருக்காகத் துக்கம் காப்பது 3 நாள். கணவனை இழந்தவளுக்கு 4 மாதம் 10 நாள். கர்ப்பிணியாயின் பிரசவம் வரை. கண்ணீர் விலக்கப்பட்டதன்று. தம் மைந்தர் இப்ராஹீம் மறைந்தபோது நாயகமும் (ஸல்) கண்ணீர் சிந்தினார்கள். ஒப்பாரியும் மார்பில் அடித்தலுமே கூடாது.

இதை நினைத்து வெட்கி, மறுநாள் அடுப்பை மூட்ட வேண்டாமென்றோம். அண்டை வீட்டாரிடம் சொன்னதும் கஞ்சியும் நீர்மோரும் நுங்கும் வந்தன. அன்றுதான் லாத்தா ஒரு மூலையில் அமர்ந்து, மனம் ஆற அழுதார்.

வியாபாரிகளே! கடல் கடந்து பிழைக்கும் நாம் துக்க வீட்டுக்குத் தாமதமாகவே போய்ச் சேருகிறோம். போனபின் விருந்தாளியாய் அமரலாகாது. பிறர் தரவேண்டிய பாக்கியைப் பேரேட்டில் எழுதும் நாம், நாம் செய்யவேண்டிய இக்கடமையையும் மனத்தில் எழுதிக்கொள்வோமாக.

வஸ்ஸலாம்.