சுவருக்குப் பின்னால் பட்ட குண்டு



இணையத்தில் பலர் கூடி ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டை நீங்கள் ஆடியிருக்கலாம். ஆடுபவரின் பின்னால் நின்றாவது பார்த்திருப்பீர்கள். அங்கே அடிக்கடி ஒரு புகார் எழும். "நான் ஓடிப்போய்ச் சுவருக்குப் பின்னால் ஒளிந்துவிட்டேன். அதன் பிறகு குண்டு பட்டதாம்! சுவரைத் துளைத்தா வந்தது?" என் வீட்டிலும் இக்குரல் கேட்பதுண்டு. குண்டு சுவரைத் துளைக்கவில்லை. விளையாட்டை அமைத்தவர் தெரிந்தே அப்படி அமைத்திருக்கிறார். ஏன் என்று பார்ப்போம்.

வெற்றிடத்தில் ஒளி விநாடிக்கு 3,00,000 கி.மீ. செல்லும். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5. ஆகவே ஒளியிழைக்குள் அதன் வேகம் சுமார் 2,00,000 கி.மீ.தான். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே நேர்த்தொலைவு சுமார் 5,570 கி.மீ. செய்தி போய்ச் சேர 28 மில்லி விநாடி ஆகும். போய்த் திரும்ப 56. கடலடியில் இழை நேர்க்கோட்டில் கிடப்பதில்லை. வழியிலுள்ள கருவிகளும் நேரம் எடுக்கும். எனவே உண்மையில் இன்னும் கூடும். குறையவே குறையாது.

இத்தகைய ஆட்டத்தில் நடுவர், சர்வர் எனப்படும் மையக் கணிப்பொறி. 1996இல் வெளிவந்த 'குவேக்' விளையாட்டில், பொத்தானை அழுத்திய செய்தி சர்வருக்குப் போய் விடை வந்த பிறகே திரையில் உங்கள் ஆள் நகர்வான். ஒரே கட்டடத்துக்குள் ஆடியவர்களுக்கு இது உறைக்கவில்லை. தொலைபேசி மோடம் வழியே ஆடியவர்களுக்கோ சேற்றில் நடப்பது போலிருந்தது. அதே ஆண்டு ஜான் கார்மாக் இதைத் திருத்தி 'குவேக்வேர்ல்டு' என்ற வடிவை வெளியிட்டார். அதில் விடைக்குக் காத்திராமல் உங்கள் கணிப்பொறியே உங்கள் ஆளை நகர்த்திவிடும்.

உங்கள் நடை சரியாயிற்று. எதிரி? அவனைப் பொறுத்தவரை நீங்கள் காண்பது பழைய காட்சிதான், விண்மீனைப் பார்ப்பது போல!

ஒரு கணக்குப் போடுவோம். நீங்களும் எதிரியும் சர்வரிலிருந்து தலா 50 மில்லி விநாடி தூரத்தில் இருக்கிறீர்கள். எதிரி விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் சுவரை நோக்கி ஓடுகிறான். அவன் இருக்குமிடம் சர்வரை எட்டி, அங்கிருந்து உங்கள் திரையை எட்ட 50 ஆகிறது. கண்டதும் சுடுகிறீர்கள். அச்செய்தி சர்வரை எட்ட மேலும் 50. இந்த 100 மில்லி விநாடியில், சர்வரின் கணக்கில் அவன் 0.6 மீட்டர் நகர்ந்துவிட்டான். மனிதனின் தோளகலமே அரை மீட்டர்தான். சரியாகக் குறிவைத்தும் குண்டு படாது! ஓடும் முயலுக்கு முன்னால் குறிவைக்கும் வேட்டைக்காரன் முயலின் வேகத்தைக் கணித்தால் போதும். இங்கோ உங்கள் இணைப்பின் தாமதத்தையும் சேர்த்துக் கணிக்க வேண்டும்.

'ஹாஃப்-லைஃப்' விளையாட்டை உருவாக்கிய வால்வ் நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டது. அதன் பொறியாளர் யான் பெர்னியர் 2001இல் அதை ஒரு கட்டுரையில் விளக்கினார். ஒவ்வொருவரும் சற்று முன் எங்கிருந்தார் என்பதை சர்வர் நினைவில் வைத்திருக்கும். சுட்ட செய்தி வந்ததும் காலத்தைப் பின்னோக்கித் திருப்பி, சுடும்போது உங்கள் திரையில் இருந்த காட்சியை வைத்தே தீர்ப்புச் சொல்லும். குறிவைத்த இடத்தில் குண்டு படும். ஆடுபவருக்கு எவ்வளவு வசதி!

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. அடிபட்ட செய்தி எதிரியை எட்ட இன்னும் 50 ஆகும். அவன் திரையிலிருந்து சர்வர், சர்வரிலிருந்து நீங்கள், மீண்டும் சர்வர், மீண்டும் அவன் என நான்கு பயணங்கள். மொத்தம் 200 மில்லி விநாடி. அதற்குள் அவன் 1.2 மீட்டர் ஓடி, சுவருக்குப் பின்னால் நிற்கிறான். நாம் கேட்ட புகார் இதுதான். தாமதத்தை யாராலும் ஒழிக்க முடியாது. அதை யார் தலையில் கட்டுவது என்பது மட்டுமே அமைப்பாளர் கையில் இருக்கிறது.

குறிவைப்பது எல்லோரும் ஓயாமல் செய்யும் வேலை. சுவருக்குப் பின்னால் சாவது எப்போதாவது நேர்வது. ஆகவே சுடுபவருக்குச் சலுகை தந்தது சரியே என்பது என் கருத்து. ஆயினும் அளவு வேண்டும். சுடுபவர் 250 மில்லி விநாடி தூரத்திலும், எதிரி 20இலும் இருந்தால்? 20, 250, 250, 20, கூட்டினால் 540. எதிரி 3.24 மீட்டர் ஓடிய பிறகு சாகிறான். நல்ல இணைப்பு வைத்திருப்பவனுக்கு இது தண்டனை! வேண்டுமென்றே தம் இணைப்பைத் தாமதப்படுத்தி ஆதாயம் தேடுவோரும் உண்டு.

அதனால் காலத்தைத் திருப்புவதற்கு வரம்பு வைக்கிறார்கள். நானாக இருந்தால் 200 மில்லி விநாடிக்கு மேல் விடமாட்டேன். அப்போது எதிரியின் 3.24 மீட்டர் 1.44 ஆகக் குறையும். சுடுபவரோ மீதி 300 மில்லி விநாடிக்கு ஈடாக 1.8 மீட்டர் முன்னால் தாமே குறிவைக்க வேண்டும். சர்வருக்கு வெகு தொலைவில் வாழ்பவர், "தொலைவில் பிறந்தது என் குற்றமா?" என்று கேட்டால் என்னிடம் நல்ல விடை இல்லை.

வகுப்பில் இரண்டு அணியாகப் பிரிந்து, வரம்பு எவ்வளவு இருக்கலாம் என்று வாதாடிப் பாருங்கள். ஓடும் வேகத்தை 6 மீட்டரிலிருந்து 3 ஆக்கினால் மேற்கண்ட தொலைவுகள் என்னவாகும் என்றும் கணக்கிடுங்கள். ஆட்டத்தின் வேகத்தைக் குறைப்பதும் அமைப்பாளருக்குள்ள ஒரு வழி. ஆடுபவர்கள் ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு விஷயம்.