ஆள் பார்த்து அல்ல, விதி பார்த்து



கூட்டத்தில் நமக்கு அடிக்கடி வரும் சங்கடம் இது. குழுவில் பணம் கொஞ்சம்தான் இருக்கும். கடன் கேட்டு மூன்று பேர் நிற்பார்கள். அதில் ஒருத்தர் ஊக்குநருக்கு நாத்தனார். கொடுத்தால் "சொந்தக்காரிக்குத் தூக்கிக் கொடுத்துட்டா" என்று பேச்சு வரும். கொடுக்காவிட்டால் வீட்டுக்குள்ளே சண்டை. என்னதான் செய்வது?

இதே மாதிரி ஒரு சோதனை ஒரு நாட்டின் ஜனாதிபதிக்கே வந்தது. அவர் நீதிபதியாக இருந்தவர். பெயர் நூர் ஹசனலி. இந்த மாதப் பாடத்தில் அவரைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

கரும்புத் தோட்டத்துக்குப் போன ஜனங்கள்

தென் அமெரிக்காவுக்குப் பக்கத்தில், கடலுக்கு நடுவே டிரினிடாட் என்று ஒரு தீவு. டொபேகோ என்ற சின்னத் தீவும் சேர்ந்து ஒரே நாடு. வெள்ளைக்காரர் ஆட்சியில் அங்குள்ள கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய நம் நாட்டிலிருந்து ஆள் பிடித்துப் போனார்கள். முதல் கப்பல் 1845 மே 30 அன்று போய்ச் சேர்ந்தது. 1917 வரை சுமார் 1,44,000 பேர் போனார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பல் ஏறிய வடநாட்டு ஜனங்கள். சென்னையில் ஏறிப் போனவர்களும் உண்டு.

ஐந்து வருட ஒப்பந்தம். வேலைக்கு வராமல் நின்றாலும், அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனாலும் குற்றம். கோர்ட்டில் நிறுத்தி அபராதம் போடுவார்கள், ஜெயிலுக்கும் அனுப்புவார்கள். அந்த ஜனங்களுக்குக் கோர்ட்டு என்றால் தண்டனை கிடைக்கிற இடம், அவ்வளவுதான்.

வாத்தியார் நீதிபதியானார்

அந்த இந்திய வம்சத்தில் 1918 ஆகஸ்ட் 13 அன்று சான் பெர்னாண்டோ என்ற ஊரில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் ஹசனலி பிறந்தார். ஏழு பிள்ளைகளில் ஆறாவது பிள்ளை. கனடா நாட்டுக் கிறிஸ்தவ மிஷன் நடத்திய பள்ளியில் படித்தார். பிறகு நாபரிமா கல்லூரியில் படித்து, அங்கேயே சில வருடம் வாத்தியாராக வேலை பார்த்தார். அடுத்து கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் படிப்பு. 1948-ல் லண்டனில் வக்கீல் தகுதி பெற்று ஊர் திரும்பினார்.

1953-ல் மாஜிஸ்திரேட் ஆனார். 1966-ல் உயர் நீதிமன்ற நீதிபதி. 1978-ல் மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி. 1985-ல் ஓய்வு பெற்றார். தாத்தா பாட்டி காலத்தில் நம் ஜனங்கள் குற்றவாளியாக நின்ற நாட்டில், அதே வம்சத்துப் பிள்ளை தீர்ப்புச் சொல்லும் இடத்தில் உட்கார்ந்தார்.

ஓய்வுக்குப் பிறகும் நாடு அவரை விடவில்லை. 1987-ல் ஜனாதிபதி ஆக்கினார்கள். இந்திய வம்சத்தில் அந்த நாட்டின் முதல் ஜனாதிபதி அவர்தான். 1997 வரை பத்து வருடம் இருந்தார். அவர் இருந்தவரை ஜனாதிபதி மாளிகை விருந்துகளில் மது கிடையாது. மற்றவர்கள் வீட்டில் போய் அவர் தடுக்கவில்லை. தன் பொறுப்பில் உள்ள இடத்தில் தன் கொள்கையை விடவில்லை. சாராயத்தால் நம்ம குடும்பங்கள் படும் பாடு நமக்குத் தெரியும். அதனால் இது நமக்கு நன்றாகவே புரியும்.

17-க்கு 17

இனி அந்தச் சோதனைக்கு வருவோம். அந்த நாட்டில் ஆப்பிரிக்க வம்சத்தார் பெரும்பாலும் ஒரு கட்சிக்கும், இந்திய வம்சத்தார் பெரும்பாலும் இன்னொரு கட்சிக்கும் ஓட்டுப் போடுவது வழக்கம். 1995 நவம்பர் தேர்தலில் மொத்தம் 36 இடம். ஆண்ட கட்சிக்கு 17, எதிர்க்கட்சிக்கும் 17. மீதி 2 இடம் ஒரு சின்னக் கட்சிக்கு. யாரைப் பிரதமர் ஆக்குவது என்று ஜனாதிபதிதான் முடிவு செய்ய வேண்டும்.

எதிர்க்கட்சித் தலைவர் பாஸ்தியோ பாண்டே. கரும்புத் தொழிலாளர் சங்கத் தலைவராக இருந்தவர், இந்திய வம்சத்தார். அவரைக் கூப்பிட்டால் "தன் இனத்தானுக்குக் கொடுத்துட்டார்" என்று சொல்ல இடமுண்டு. அந்தப் பேச்சுக்குப் பயந்து ஒதுக்கினால் அதுவும் அநியாயம்.

விதி என்ன சொல்கிறது? சபையில் அதிகம் பேர் ஆதரவு யாருக்கோ அவரே பிரதமர். இரண்டு இடம் பெற்ற கட்சி பாண்டே பக்கம் சேர்ந்தது. 17-ம் 2-ம் 19. கணக்கு முடிந்தது. பாண்டே அந்த நாட்டின் முதல் இந்திய வம்சப் பிரதமர் ஆனார். அந்த இரண்டு பேர் மறுபக்கம் போயிருந்தால் மறுபக்கத்துக்காரர்தான் பிரதமர். விதி ஆள் பார்க்காது.

2006 ஆகஸ்டில், தமது 88-ஆம் வயதில் ஹசனலி காலமானார்.

நாம் கற்றுக்கொள்வது

சொந்தம் என்பதால் கொடுப்பதும் தப்பு, சொந்தம் என்பதாலேயே மறுப்பதும் தப்பு. நாத்தனாரும் சந்தா கட்டுகிற உறுப்பினர்தானே? அதனால்:

1. யாருக்கு முதலில் கடன் என்ற விதியை, மனு வருவதற்கு முன்பே எல்லோரும் பேசித் தீர்மானப் பதிவேட்டில் எழுதுவோம். மருத்துவச் செலவு முதலா, பிள்ளைகள் படிப்பு முதலா என்று குழுவே முடிவு செய்யட்டும்.

2. சொந்தக்காரர் மனு வந்தால் ஊக்குநரோ பிரதிநிதியோ அதில் முடிவு சொல்லாமல் ஒதுங்கி இருக்கட்டும். மற்ற உறுப்பினர்கள் முடிவு செய்யட்டும்.

3. கொடுத்தாலும் மறுத்தாலும் காரணத்தை எழுதி, கூட்டத்தில் வாய்விட்டுப் படித்துக் காட்டுவோம்.

குழுவில் கலந்து பேச:

நம் குழுவில் கடன் கொடுக்கும் வரிசை எழுதி வைத்திருக்கிறோமா? கடைசியாகக் கடன் மறுக்கப்பட்ட சகோதரிக்கு என்ன காரணம் சொன்னோம்? அதே காரணத்தை நமக்குச் சொல்லியிருந்தால் நாம் ஏற்றுக்கொண்டிருப்போமா?

அடுத்த கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி இதைப் பேசுங்கள். எடுத்த முடிவைப் பதிவேட்டில் எழுத மறந்துடாதீங்க!