பாய் நனைவது பிள்ளையின் குற்றமல்ல

நம்பிக்கை: எழுந்து போகச் சோம்பல். அதனால்தான் படுத்தபடியே போய்விடுகிறான்.

உண்மை: தூக்கத்தில் சிறுநீர் பிரிவதே அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. தெரியாமல் நடப்பதில் சோம்பலுக்கு இடமேது?

இரவில் மூளையிலிருந்து வாசோபிரெசின் என்ற ஹார்மோன் கூடுதலாகச் சுரக்க வேண்டும். சிறுநீரகம் நீரை வெளியே விடாமல் உடலுக்கே திருப்பி அனுப்புவது அதன் வேலையால்தான். காலையில் முதலில் போகும் சிறுநீர் அடர் மஞ்சளாக இருப்பதும் அதனால்தான். சில பிள்ளைகளுக்கு இந்த இரவுச் சுரப்பு தாமதமாகவே நிலைக்கு வருகிறது. பகலைப் போலவே இரவிலும் சிறுநீர் ஊறிக்கொண்டிருக்கும். வேறு சிலருக்குச் சிறுநீர்ப்பை நிறையும் முன்பே சுருங்கிவிடும். வயதோடு ஒன்றைக் கூட்டி 30ஆல் பெருக்கினால் பை எவ்வளவு கொள்ளும் என்று தோராயமாகத் தெரியும். ஏழு வயதுக்கு 240 மில்லி. இவற்றில் எது நடந்தாலும், மூளை அதை உணர்ந்து எழுப்பிவிட்டால் பாய் நனையாது. அந்த விழிப்பும் இவர்களுக்கு இன்னும் கைகூடவில்லை.

நம்பிக்கை: அம்மா கொடுத்த செல்லம்.

உண்மை: பெற்றோரில் ஒருவருக்குச் சிறுவயதில் இது இருந்திருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சுமார் 44 சதவீதம், இருவருக்கும் இருந்திருந்தால் 77. பிள்ளையை அதட்டும் அப்பாக்கள் தங்கள் அம்மாவிடம் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். ஆமாம் என்று பதில் வந்தால் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்: “எனக்கும் இருந்துச்சுப்பா, அப்புறம் நின்னுடுச்சு.” எந்த மருந்துக்கும் முன்னால் அந்தப் பிள்ளைக்கு வேண்டியது இதுதான்.

நம்பிக்கை: சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே கொடுக்கக் கூடாது.

உண்மை: தாகத்தோடு படுக்க வைப்பது வைத்தியமல்ல. பள்ளிக் கழிப்பறையின் நாற்றத்துக்குப் பயந்து, காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டிலை அப்படியே திருப்பிக் கொண்டுவரும் பிள்ளைகள் எத்தனை பேர்! பகல் முழுவதும் சேர்ந்த தாகத்தை வீட்டுக்கு வந்துதான் தீர்த்துக்கொள்கிறார்கள். பகலில் நன்றாகக் குடிக்க வையுங்கள். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு குறைத்தால் போதும். மாலையில் டீ, காபி, கோலா வேண்டாம்.

அதே கழிப்பறைக்குப் பயந்து மலத்தையும் அடக்குகிறார்கள். பலரும் கவனிக்காத காரணம் இது. மலக்குடல் இருப்பது சிறுநீர்ப்பைக்குப் பின்னாலேயே. அங்கே மலம் இறுகிக் கிடந்தால் பையை நெருக்கும். பை விரிய இடமிருக்காது, அடிக்கடி சுருங்கவும் செய்யும். தினமும் போகிறான் என்பதாலேயே மலச்சிக்கல் இல்லை என்று சொல்லிவிட முடியாது. உருண்டை உருண்டையாக, முக்கி முக்கிப் போனால் அது மலச்சிக்கல்தான். அதைச் சரிசெய்ததுமே இரவில் நனைவது நின்றுபோன பிள்ளைகள் உண்டு.

நம்பிக்கை: நாலு அடி போட்டால், சூடு வைப்பேன் என்று மிரட்டினால் நின்றுவிடும்.

உண்மை: நிற்காது. பயம்தான் கூடும். நனைந்த பாயை எல்லோரும் பார்க்க வாசலில் போடுவதும் அடிக்குச் சமம்.

நம்பிக்கை: வளர்ந்தால் தானாகச் சரியாகும்.

உண்மை: பெரும்பாலும் ஆகும். ஐந்து வயதில் 100க்கு 15 பிள்ளைகளுக்கு இது உண்டு. 15 வயதில் ஒன்றிரண்டு பேருக்குத்தான். ஐந்து வயதுக்கு முன் கவலையே வேண்டாம். ஆனால், உறவினர் வீட்டில் தங்கவும் பள்ளிச் சுற்றுலா போகவும் கூசும் எட்டு வயதுக்காரியை ஏன் காத்திருக்கச் சொல்ல வேண்டும்? ஈரம் பட்டதும் ஒலித்து எழுப்பும் அலாரம் இருக்கிறது. பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். டெஸ்மோபிரெசின் மாத்திரையும் உண்டு. அதை மருத்துவர் சொன்னால் மட்டுமே கொடுக்க வேண்டும். கொடுக்கும் இரவில் தண்ணீர் அதிகம் குடித்தால் ரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். குறட்டை விடும் பிள்ளை என்றால் டான்சில், அடினாய்டு வீக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமலிருந்த பிள்ளை திடீரென்று மறுபடி நனைத்தால் மட்டும் பொறுத்துப் பார்க்காதீர்கள். எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால் சிறுநீர்ப் பரிசோதனை வேண்டும். அடங்காத தாகமும் உடல் மெலிவும் சேர்ந்திருந்தால் அது முதல் வகை நீரிழிவாக இருக்கலாம். அன்றைக்கே ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள்.