வழிநடைக்கு ஒரு நீர்க்குடுவை

மலைப்பாதையில் பல நாள் நடந்து செல்வோர் சுமக்கும் பொருள்களுள் எடை மிகுந்தது தண்ணீரே ஆகும். உடையையும் உணவையும் சிந்தித்துக் குறைத்துக்கொள்ளலாம்; நீரின் எடையைக் குறைக்க வழியில்லை. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோகிராம் எடையுடையது. நாள் முழுவதும் ஏற்றத்தில் நடப்பவருக்கு மூன்று அல்லது நான்கு லிட்டர் நீர் வேண்டும். ஒரு கிழமைக்கு வேண்டும் நீரைச் சுமந்துகொண்டு மலையேறுதல் எவர்க்கும் இயலாது. ஆதலின் வழியிற் காணும் ஓடையிலும் சுனையிலும் முகந்து பருகுதல் வழிநடையின் பழைய முறையாயிற்று.

நேபாள நாட்டில் எவரெஸ்டு மலையின் அடிவாரத்திற்குச் செல்லும் பாதை உலகறிந்தது. லுக்லா என்னும் ஊரில் விமானத்தினின்று இறங்கியபின், அதற்கு மேலே செல்ல வண்டிப்பாதை இல்லை. அரிசி முதல் ஆணி வரை பலவும் சுமையாளர் முதுகிலோ, சடைமாட்டின் முதுகிலோ ஏறியே மேலே செல்கின்றன. பாதையோரத்தில் பனியுருகிய ஓடைகள் பளிங்குபோல் ஓடுகின்றன. அவற்றைக் காணும் வழிப்போக்கர், இதனினும் தூய நீர் உலகில் உண்டோ என்று வியத்தல் இயல்பே. ஆனால், அவ்வோடைக்கு மேலே கண்ணுக்கு எட்டாத சரிவில் சடைமாடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். அதற்கும் மேலே ஒரு சிற்றூர் இருக்கும். அவற்றின் கழிவு மழையிற் கரைந்து ஓடையிற் சேர்ந்து, பாறைகளிடையே தெளிந்து, பளிங்கின் வடிவத்தோடு அவர் கைக்கு வந்து சேர்கிறது.

அந்நீரில் வாழும் பகைவருள் ஒன்று ஜியார்டியா என்னும் சிற்றுயிர். ஒரே உயிரணுவால் ஆன இது, தடித்த உறைக்குள் அடங்கிக் குளிர்ந்த நீரில் பல வாரங்கள் உயிரோடு இருக்க வல்லது. இதனை முதன்முதலிற் கண்டவர் ஆலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகரான லீவன்ஹூக் என்பவர். 1681ஆம் ஆண்டில் வயிற்றுப்போக்கால் துன்புற்ற அவர், அருவருப்பு நோக்காமல், தம் மலத்தையே தாம் செய்த கண்ணாடி வில்லையின் வழியாக ஆராய்ந்தார்; அதில் நெளிந்து திரியும் உயிர்களைக் கண்டு எழுதிவைத்தார். இந்நோய் நீரைப் பருகியவுடன் தோன்றுவதில்லை. ஒன்று முதல் மூன்று வாரம் கழித்தே தோன்றும். மலையில் பருகிய நீரின் பயனை வீட்டிற்கு வந்தபின் நுகர்பவர், நேற்று உண்ட உணவின்மீது பழி சுமத்துவர். வேறு சில கிருமிகள் இத்துணைப் பொறுமை உடையன அல்ல. ஓரிரு நாளிலேயே அவை ஆளைக் கிடத்திவிடும். மருத்துவமனைக்குச் செல்ல இரண்டு நாள் நடக்கவேண்டிய இடத்தில், நடக்க வலிமையின்றிக் கிடப்பது சிறு துன்பம் அன்று.

நீரைக் காய்ச்சிப் பருகினால் இத்துன்பம் இல்லை. உயரம் மிகுந்த இடத்தில் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் என்பது உண்மை. எவரெஸ்டு அடிவாரத்தில், 5,364 மீட்டர் உயரத்தில், அது ஏறத்தாழ 83 பாகை வெப்பத்திலேயே கொதித்துவிடும். அதனால் அங்கே காய்ச்சிய நீரில் கிருமிகள் சாவதில்லை என்று சிலர் எண்ணுவர், அவ்வெண்ணம் தவறானது. 2,000 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில் மூன்று நிமிடம் கொதிக்கவிட்டால் அவை அழிந்துபோகும். இடர் வேறிடத்தில் உள்ளது. விறகு அங்கே அரிது. எரிவாயுவும் கீழிருந்து சுமந்து வந்ததே. கடையிற் புட்டிநீர் வாங்கலாமெனின், முழுப்புட்டி சுமையாளர் முதுகில் மேலே ஏறும். வெறும்புட்டியோ கீழே இறங்குவதில்லை, மலையிலேயே குப்பையாகத் தங்கிவிடும். இக்குப்பை பெருகியது கண்டு, அப்பகுதியின் ஊராட்சியினர் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குப் பொருள்களை 2020ஆம் ஆண்டு முதல் தடைசெய்தனர்.

இந்நிலையில் வழிப்போக்கர்க்குத் துணையாக வந்ததே வடிகட்டிக் குடுவை. தோற்றத்தில் இது பிற நீர்க்குடுவைகளைப் போன்றதே. இதன் சிறப்பெல்லாம் மூடியின் உட்புறம் பொருத்தப்பட்ட ஒரு சிறு குழாயில் அடங்கியுள்ளது. அக்குழாய்க்குள் நூல்போன்ற மெல்லிய இழைகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. ஒவ்வோர் இழையும் உள்ளே துளையுடையது. அதன் சுவரிலும் எண்ணற்ற நுண்துளைகள் உண்டு. இழைகளை இரண்டாக மடித்து, முனைகளை ஒருசேரப் பசையிட்டு இறுக்கியிருப்பர். ஓடை நீர் இழைகளின் வெளிப்புறத்தே நிற்கும். குடிப்பவர் வாயால் உறிஞ்சும்போதோ, குடுவையைக் கையால் அழுத்தும்போதோ, நீர் சுவரின் நுண்துளை வழியே உட்புகுந்து, இழையின் நடுத்துளை வழியாக வாய்க்கு ஏறும். துளையிற் புகமுடியாத யாவும் வெளியே நின்றுவிடும். சிறுநீரகம் பழுதுற்றவர்க்குக் குருதியைத் தூய்மை செய்யும் கருவியிலும் இத்தகைய துளையிழைகளே பயன்படுகின்றன.

அந்நுண்துளையின் அளவு 0.1 அல்லது 0.2 மைக்ரான். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு. தலைமயிரின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரான். ஜியார்டியாவின் உறை 8 மைக்ரானுக்குக் குறையாது. வாந்திபேதியை உண்டாக்கும் கிருமியின் பருமன் அரை மைக்ரான் அளவினது. ஆகவே இவை இரண்டும் குடுவையின் வாயிலைக் கடப்பதில்லை. கடந்து செல்வனவும் சில உண்டு. அவற்றை உலகம் அறிந்த வரலாறே ஒரு வடிகட்டியின் வரலாறுதான்.

பாரிசு நகரத்தில் அறிஞர் பாஸ்டரின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஷாம்பர்லான் என்பவர், 1884ஆம் ஆண்டில் மெருகிடாத பீங்கானால் ஒரு வடிகுழாய் செய்தார். அந்நாளில் அறியப்பட்டிருந்த கிருமிகள் யாவும் அதில் தங்கிவிட்டன. 1892இல் உருசிய அறிஞர் இவானோவ்ஸ்கி, நோயுற்ற புகையிலை இலையின் சாற்றை அக்குழாயில் வடித்துப் பார்த்தார். வடிந்த சாற்றில் கிருமியே இருத்தல் கூடாது. ஆயினும், அச்சாறு பட்ட நல்ல செடிகளும் நோயுற்றன! வடிகுழாயில் வெடிப்பு இருக்கக்கூடும் என்றும், கிருமியின் நஞ்சு மட்டும் கரைந்து வந்திருக்கக்கூடும் என்றும் ஐயங்கள் எழுந்தன. 1898இல் பெய்ஜெரிங்க் என்னும் அறிஞர் அந்த ஆய்வைத் தாமும் செய்து, இது புதியதொரு நோய்ப்பொருள் என்று துணிந்து, அதனை வைரஸ் என்று அழைத்தார். அவர் பணியாற்றிய ஊரும், லீவன்ஹூக் வாழ்ந்த அதே டெல்ஃப்ட் நகரமே.

மஞ்சட்காமாலை வகையுள் ஒன்றை உண்டாக்கும் வைரஸின் அளவு ஒரு மைக்ரானில் முப்பதில் ஒரு பங்குக்கும் அதிகம் இல்லை. இக்குடுவையின் துளை அதற்கு அகன்ற வாயிலே ஆகும். மக்கள் நெருங்கி வாழும் ஊர்களின் கீழ்ப்புறத்தே நீர் முகப்பவர், வடித்த நீரில் குளோரின் மாத்திரையும் இட்டு அரைமணி நேரம் காத்திருத்தல் வேண்டும். நீர் மிகக் குளிர்ந்திருந்தால் இன்னும் சற்றுக் காத்திருத்தல் நன்று. மாத்திரை ஒன்றே போதாதோ எனின், போதாது. கிரிப்டோஸ்போரிடியம் என்னும் சிற்றுயிர் குளோரினுக்கு அஞ்சுவதில்லை. அமெரிக்க நாட்டு மில்வாக்கி நகரத்தில், 1993ஆம் ஆண்டில், குளோரின் கலந்திருந்தும் வடிப்புக் குறைவினால் இது குடிநீரோடு வீடுகளுக்குச் சென்றது. ஏறத்தாழ நான்கு இலட்சம் மக்கள் நோயுற்றனர் என்று கணக்கிட்டனர். நான்கு மைக்ரானுக்குக் குறையாத இவ்வுயிரைத் துளையிழை எளிதில் தடுத்துவிடும். மாத்திரைக்குத் தப்புவது இழையில் சிக்கும். இழைக்குத் தப்புவது மாத்திரையால் மடியும்.

எல்லா இடத்திலும் இத்துணை நுண்ணிய துளை வேண்டுவதில்லை. நரம்புச் சிலந்தி என்னும் கொடிய நோயின் புழு, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள நீர்ப்பூச்சியின் உடலுக்குள் இருந்தே மனிதரைச் சேர்கிறது. 1986இல் ஏறத்தாழ 35 இலட்சம் மக்களை இந்நோய் வாட்டியது. சூடான் முதலிய நாடுகளில் கால்நடைகளோடு அலைந்து திரிவோர்க்கு, முனையில் நுண்வலை பொருத்திய ஒரு குழலைக் கயிற்றிற் கோத்துக் கழுத்தில் அணிவித்தனர். குட்டையைக் கண்ட இடத்தில் குனிந்து, அக்குழலால் உறிஞ்சிப் பருகவேண்டியதே அவர் செய்யவேண்டியது. இதுவும் பிற முயற்சிகளும் சேர்ந்து, 2021 முதல் 2024 வரை இந்நோய் கண்டோர் ஆண்டுக்கு இருபதின்மருக்கும் குறைந்தனர். வங்காள தேசத்திலோ, பழஞ்சேலையை நான்காக மடித்து நீரை வடிக்குமாறு ரீட்டா கால்வெல் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் சிற்றூர்ப் பெண்களுக்குக் கற்பித்தனர். வாந்திபேதிக் கிருமிகள் நீர்ப்பூச்சிகளின்மேல் பெருந்தொகையாக ஒட்டி வாழ்வதால், பூச்சியை நிறுத்திய துணி கிருமியிற் பெரும்பகுதியையும் நிறுத்தியது. நோய் 48 விழுக்காடு குறைந்தது என்று 2003இல் அவர்கள் வெளியிட்டனர்.

ஆனால், நீரில் கரைந்துவிட்ட பொருளை எந்தத் துணியும் துளையிழையும் தடுக்கமாட்டா. உப்பு நீர் வடித்தபின்னும் உப்பு நீரே. அதே வங்காள தேசத்தில் குழாய்க்கிணறுகளிலிருந்து வரும் தெளிந்த நீரில் ஆர்செனிக்கு என்னும் நஞ்சு கலந்திருப்பது 1993இல் தெரியவந்தது. அந்நீரை இக்குடுவையில் வடித்தாலும் நஞ்சு நீங்காது. சில குடுவைகளில் கரித்தூள் அடைத்திருப்பர். அது நாற்றத்தையும் சில வேதிப்பொருள்களையும் ஈர்த்துக்கொள்ளுமேயன்றி எல்லாவற்றையும் நீக்காது. சுரங்கத்தின் அடுத்தும், பூச்சிமருந்து தெளிக்கும் வயல்களின் அடுத்தும் ஓடும் நீரை விட்டு வேறு நீர் தேடுவதே தக்கது.

கலங்கல் நீர் இழைகளை விரைவில் அடைத்துவிடும். தமிழ்நாட்டில் முற்காலத்தார் தேற்றாங்கொட்டையைப் பாத்திரத்தின் உட்புறத்தே தேய்த்துக் கலங்கலைத் தெளிவித்தனர். மலைவழியில் செல்பவர் நீரை ஒரு பாத்திரத்தில் சிறிது நேரம் அசையாமல் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் குடுவையில் வார்த்தாலே போதும். அடைத்த இழைகளின் வழியே தூய நீரை எதிர்த்திசையில் செலுத்தினால் படிந்த அழுக்கு வெளியேறும். ஓடையில் முகந்த கையாலேயே வாய்க்குழலைத் தொடுவது கூடாது. அகத்தே வடித்த நீர் அங்கே மீண்டும் கெடும்.

இக்குடுவையின் பெரும்பகை உறைபனி. ஈரமுள்ள இழைகளில் நீர் உறைந்தால், பனிக்கட்டி விரிந்து நுண்சுவர்களைப் பிளந்துவிடும். அப்பிளவு கண்ணுக்குத் தெரியாது. மறுநாளும் நீர் தடையின்றி வரும். முன்னினும் எளிதாகவே வரும். ஒருமுறை உறைந்துபோன வடிகுழாயைப் பின்னர் நம்புதல் ஆகாது. அதனால், இமயத்தின் குளிரில் இரவு தங்குவோர் மூடியினின்று வடிகுழாயைக் கழற்றி, நீரை உதறி, துணியிற் சுற்றித் தம் போர்வைக்குள் உடலோடு அணைத்துக்கொண்டு உறங்குகின்றனர்.